மாரியில் துவக்கு ஏன் சீறி அடங்குகிறது? கருமருந்தும் ஈரமும்

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவருடைய அப்பாவிடம் பயிர்க்காவலுக்காக அனுமதிப்பத்திரம் எடுத்த பழைய துவக்கு ஒன்று இருக்கிறது. குழலின் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கும் வகை. கோடையில் ஒழுங்காக வெடிக்கிறதாம். மாரி தொடங்கினால் சில நேரம் கெப் (அடிபட்டதும் பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி) மட்டும் 'டிக்' என்கிறது, சில நேரம் கொஞ்சம் தாமதித்துச் சீறிவிட்டு அடங்கிவிடுகிறது. மருந்து ஈரம் இழுத்துவிட்டதென்று அப்பா அதை வெயிலில் காயப் போடுகிறார். அது சரிதானா? கனடாவில் இருக்கும் மச்சான், அங்கே விற்கிற புதுவகை மருந்துகளுக்கு ஈரப் பிரச்சினையே இல்லை என்கிறார். அது உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம், காயப் போடாதீர்கள். இரண்டாவதற்கு: மச்சான் சொல்வது ஒரேயொரு மருந்துக்குப் பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது, மாரிக்காற்று பேணிக்குள் இருக்கும் மருந்தைக் கெடுக்கிறது என்று. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நல்ல மருந்தைக் காற்றின் ஈரம் எளிதில் அசைக்காது. மருந்தில் கலந்திருக்கும் அழுக்கும், சுட்ட பிறகு குழலில் தங்கும் கசடும்தான் ஈரத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கின்றன.

கருமருந்தில் இருப்பது வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற மூன்றும்தான். ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொற்றாசியம் நைத்திரேற்று. 'உப்பு' என்று பெயர் இருப்பதால் ஈரத்துக்கு அதுவே காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு உப்புக்கும் ஒரு எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதன் அந்த எல்லையைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும், தாண்டாதவரை உலர்ந்தே கிடக்கும். சுத்தமான வெடியுப்புக்கு நமது வெப்பநிலையில் அந்த எல்லை 92 சதவீதத்துக்குக் கிட்ட. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற ஆடி மாதப் பகலில் மட்டக்களப்பில் காற்று அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பிடித்திருக்கும் இரவுகளில் போகும். அப்போதும் மூடி இறுக்கிய பேணிக்குள் இருக்கும் மருந்துக்கு அந்தக் காற்றோடு என்ன உறவு?

கரி கொஞ்சம் ஈரம் பிடிக்கும், உண்மை. நுண்துளை நிறைந்த பொருள், பிடிக்காமல் எப்படி இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் செய்த நல்ல மருந்தில் ஈரம் மொத்தமாக 1 சதவீதத்துக்கும் குறைவுதான். மணிகளை அழுத்தி இறுக்கி, பலவற்றுக்கு மேலே பென்சிற்கரி பூசி மினுக்கியும் விடுகிறார்கள். அந்தப் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், மணிகள் ஒட்டாமல் உருளவும் உதவும். முழுக்கத் தடுக்காது.

சரி, அழுக்குக்கு வருவோம். கடற்கரை வீடுகளில் மாரி வந்தால் குசினியில் உப்புப் போத்தல் அழும், கவனித்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைட்டின் எல்லை 75 சதவீதம். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டு கலந்திருக்கிறது, அதன் எல்லை 33 சதவீதம்தான். ஒரு சிட்டிகை அழுக்கு முழுப் போத்தலையும் நனைய வைக்கிறது. வெடியுப்பிலும் இதே கதைதான். கல்சியம் நைத்திரேற்றுக்கும் மக்னீசியம் நைத்திரேற்றுக்கும் எல்லை 50 சதவீதத்தை ஒட்டி. இவை கொஞ்சம் கலந்துவிட்டால் கோடைக் காற்றிலேயே மருந்து நமத்துப் போகும்.

இலங்கைக்கு இது புதுச் செய்தியல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி, உள்நாட்டில் வெடியுப்பு எடுத்த குகைகளைப் போய்ப் பார்த்து, அந்த மண்ணைப் பகுத்தாய்ந்து 1821இல் வெளியிட்டார். மேமூரைக் குகை மண்ணில் பொற்றாசியம் நைத்திரேற்றோடு மக்னீசியம் நைத்திரேற்றும் இருந்தது. (இவர் விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பி, அண்ணன் பெயருக்குள் மறைந்துபோன நல்ல ஆய்வாளர்.) அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த வெடியுப்பைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் மலைநாட்டு மழையில் மருந்து என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் லாமொட் டூ போன் என்பவர் 1857இல் பொற்றாசியம் உப்புக்குப் பதில் மலிவான சோடியம் நைத்திரேற்றைப் போட்டு மருந்து செய்ய உரிமம் எடுத்தார். சுரங்கத்தில் பாறை உடைக்க அது நன்றாகவே ஓடியது. துவக்குக்கு வரவில்லை. சோடியம் நைத்திரேற்றின் எல்லை 74 சதவீதத்தை ஒட்டி, கசிந்துவிடும்.

ஆகவே உங்கள் அப்பாவின் மருந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் முதலில் கேட்பது. அனுமதியுள்ள வழியில் வந்த தொழிற்சாலை மருந்து என்றால் பேணியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். யாரோ வீட்டில் அரைத்துக் கொடுத்தது என்றால் ஈரம் அதன் குறைகளில் மிகச் சிறியது. சட்டமும் அனுமதிக்காது, கையும் போகும். அதைப் பற்றி இங்கே மேலே எழுதப் போவதில்லை.

இனி ஈரம் உண்மையில் ஏறிவிட்ட மருந்துக்கு உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கலாம். வெடியுப்பு தண்ணீரில் கரையும். கரியும் கந்தகமும் கரையாது. கருமருந்தின் வேகமெல்லாம் அந்த மூன்றும் மிக நெருக்கமாக அரைபட்டுக் கலந்திருப்பதில்தான் இருக்கிறது. ஈரம் ஏறினால் வெடியுப்பு கரைந்து மணியின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர்கிறது. திரும்பக் காயும்போது போன இடத்திலேயே படிகமாகி நின்றுவிடுகிறது. உள்ளே கரியும் கந்தகமும் தனித்துக் கிடக்க, வெளியே உப்புத் தோல். தொட்டால் காய்ந்த மருந்துதான், ஆனால் பழைய கலவை அல்ல. எரியும், மெதுவாக எரியும். ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் பலம் ஒன்றாக இராது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், ஒரு வெள்ளைத் தாளில் அரைத் தேக்கரண்டி மருந்தைக் கொட்டிச் சரித்துப் பாருங்கள். நல்ல மருந்து மணிமணியாக உருண்டோடும், தாளில் தூசி படியாது, வெளிச்சத்துக்குச் சற்று மினுங்கும். கெட்டது கட்டிகட்டியாக விழும். விரலிடையில் வைத்து இலேசாக அழுத்தினால் பொடிந்து கறுப்பு அப்பிக்கொள்ளும். மணிகளின் மேல் சாம்பல் பூத்தது போலவோ வெள்ளைப் புள்ளி புள்ளியாகவோ தெரிந்தால் அது வெளியே வந்துவிட்ட வெடியுப்பு. அந்த மருந்துக்கு வைத்தியம் கிடையாது.

அதனால்தான் காயப் போடுவதில் பலனில்லை என்கிறேன். ஆபத்து வேறு. வெயிலின் சூடு மட்டும் கருமருந்தைப் பற்றவைக்காது, அதுவரை உங்கள் அப்பா நினைப்பது சரிதான். ஆனால் விரித்து வைத்த மருந்துக்குப் பக்கத்தில் யாரோ பீடி பற்றவைக்கலாம், காற்று அடுப்புப் பொறியைக் கொண்டுவரலாம், கிளறுகிற கரண்டி தகரத்தில் உரசலாம். பொடிந்த மருந்தின் தூசி மணியைவிடச் சுலபமாகப் பற்றும். அடுப்படியில் வைத்து உலர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இனி கசடு. உங்கள் அப்பாவின் துவக்கு சீறி அடங்குவதற்கு என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான்.

கருமருந்து எரிந்தால் எல்லாமே புகையும் வாயுவுமாகப் போய்விடுவதில்லை. அன்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபெலும் மூடிய உருக்குப் பாத்திரத்துக்குள் மருந்தை எரித்து அளந்து 1875இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடையில் ஏறக்குறைய 43 பங்கு வாயு, 57 பங்கு திண்மம். பாதிக்கு மேல் சாம்பலும் உப்பும்தான்! அந்த வெள்ளைப் புகையே காற்றில் மிதக்கும் உப்புத்தூள். மிச்சம் குழலுக்குள் ஒட்டுகிறது. ஒட்டுவதில் பெரும்பங்கு பொற்றாசியம் காபனேற்று, கூடவே சல்பேற்று, இன்னும் சில கந்தகச் சேர்மங்கள். பொற்றாசியம் காபனேற்றின் ஈரப்பதன் எல்லை 43 சதவீதம். நமது ஊரில் எந்த மாதத்தில், எந்த மணிக்கு ஈரப்பதன் 43க்குக் கீழே இறங்குகிறது? மரத்தை உலர்த்துகிற கச்சான் பகலில்கூட அபூர்வம். அதாவது சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த குழல் மட்டக்களப்பில் வருடம் முழுக்க உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கிறது.

கோடையில் அந்தக் கசடு கெட்டிப் பொருக்காக நிற்கும். அடுத்த சன்னத்தை இடிக்கும்போது கை கனக்கும், அவ்வளவுதான். மாரியில் அதே கசடு சில மணி நேரத்தில் கறுத்த கூழாகிவிடும். சாயங்காலம் ஒரு வெடி வைத்துவிட்டு, அப்படியே பரணில் சாத்தி வைத்து, விடியற்காலையில் துடைப்பம்கோலின் நுனியில் வெள்ளைத்துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். மை போல ஒழுகும். அடிப்பக்கம் போய் வந்த நுனியில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இப்போது அந்தக் கூழின் மேல் புது மருந்தைக் கொட்டுகிறோம். பேணியில் உலர்ந்தே இருந்த மருந்து, குழலின் அடியைத் தொட்ட கணத்திலிருந்து நனையத் தொடங்குகிறது. கெப் உட்காரும் சிறு குழாயிலிருந்து மருந்துக்குப் போகும் துளை ஊசிமுனை அளவு, அதிலும் இதே கூழ் அடைத்திருக்கும். கெப் வெடிக்கும், பொறி போய்ச் சேராது. அல்லது பாதி போய்ச் சேரும், நனையாத மேல்பகுதி மருந்து சீறும். அப்பா பேணியைச் சந்தேகப்படுகிறார். குற்றவாளி குழலுக்குள் இருக்கிறான்.

இதற்கு மருந்து தண்ணீர்தான். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உப்பைத் தண்ணீர் கரைக்கும், எண்ணெய் கரைக்காது. கசட்டின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளே இருந்தபடி இரும்பைத் தின்னும். முதலில் துவக்கில் மருந்து இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சூடான சவர்க்காரத் தண்ணீரால் குழலைக் கழுவி, கெப் குழாயைக் கழற்றி அதன் துளையையும் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, பிறகு எண்ணெய். சிலர் கொதிநீர் ஊற்றச் சொல்வார்கள், இரும்பு சூடாகித் தானே காயும் என்று. மாரிக் காற்றில் கொதிநீர் ஊற்றிய குழலில் கண்முன்னே துரு பூக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கை பொறுக்கும் சூடு போதும், உடனே துடைக்க வேண்டும். சுட்ட அன்றைக்கே செய்ய வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்றால் துரு குழலில் குழி போட்டிருக்கும், அந்தக் குழிக்குள் அடுத்த கசடு பதுங்கும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. மழையைக் குற்றம் சொல்லும் பல தவறிய வெடிகளுக்குக் காரணம் எண்ணெய். நன்றாகப் பூசிச் சுவரில் வாய் மேலே பார்க்கச் சாத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல வடிந்து மருந்து உட்காரும் அடிப்பகுதியில் தேங்கும். மருந்து போடுவதற்கு முன் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும். தும்பு வைத்து அடைக்கிறவர்கள் தும்பையும் கவனியுங்கள். தென்னந்தும்பு ஈரத்தை நன்றாகக் குடிக்கும். மழையில் நனைந்த தும்பை மருந்தின் மேல் வைத்து இடிப்பது, தண்ணீரை நேராக ஊற்றுவதற்கு அதிகம் குறைந்ததல்ல.

கெப் வருவதற்கு முன்பு நிலைமை இதைவிட மோசம். தீக்கல் துவக்கில் வெளியே ஒரு சின்னக் கிண்ணம், அதில் கொஞ்சம் பொடிமருந்து, அதன் மேல் ஒரு மூடி. கல் அடிக்கும்போதுதான் மூடி திறக்கும். ஆனால் காற்றுக்கும் தூறலுக்கும் அது பெரிய காவல் அல்ல. மெழுகு, கொழுப்பு பூசிப் பார்த்தார்கள், தோலுறை போட்டுப் பார்த்தார்கள். 1757இல் வங்காளத்துப் பிளாசிப் போரில் பெய்த மழையில் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் ஆட்கள் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டார்கள், நவாபின் பக்கம் மருந்து நனைந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன என்பது பலர் அறிந்த கதை. நமக்குக் கொஞ்சம் நெருக்கமான கதை 1841 மே மாத இறுதியில் நடந்தது. முதலாவது அபின் போரில் சீனாவின் கன்ரன் நகருக்கு வெளியே, 37ஆம் மதராஸ் சுதேசிக் காலாட்படையின் ஒரு கம்பனி கொட்டும் மழையில் வழி பிரிந்துவிட்டது. ஈட்டியும் தடியும் ஏந்திய ஊர்மக்கள் பெரும் திரளாகச் சூழ்ந்தார்கள். சிப்பாய்களின் தீக்கல் துவக்குகள் மழையில் வெடிக்கவே இல்லை. துவக்கு முனையில் மாட்டிய கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். கெப் துவக்கு வைத்திருந்த கடற்படைக் காலாட்கள் தேடி வந்துதான் மீட்டார்கள். அதே மழை, அதே கருமருந்து. பற்றவைக்கும் இடம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்பது மட்டும்தான் வேறு.

இதைப் பிரித்தானியர் அதற்கு முன்பே அளந்தும் பார்த்திருந்தார்கள். 1834இல் வூல்விச்சில் இரண்டு வகையிலும் 6,000 வெடி சுட்டார்கள். தீக்கல் துவக்குகள் 922 தடவை தவறின, கெப் துவக்குகள் 36 தடவை. இந்தப் பாதைக்கு விதை போட்ட ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் உரிமம் எடுத்தபோது அவர் கவலை மழையல்ல. கிண்ணத்து மருந்து பளிச்சிட்டதும் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதுதான்!

கெப்பும் ஈரத்துக்கு முழுக்கத் தப்பியதல்ல. நனைந்த கெப்பை நம்ப வேண்டாம். சட்டைப்பையில் வியர்வையோடு கிடந்ததையும் நம்ப வேண்டாம். கெப் குழாயின் அடியில் தேன்மெழுகு ஒரு வளையமாகப் பூசுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. குழல் வாயை மழைக்கு மேலே காட்டாமல் பிடிப்பது, கெப் பகுதியைத் தோலாலோ றப்பராலோ மூடுவது, இவ்வளவே போதும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஈரமான துவக்கில் 'டிக்' என்று மட்டும் கேட்டால் வெடி வராது என்று அர்த்தமில்லை, தாமதமாக வரலாம். துவக்கின் வாயை ஆளில்லாத திசையிலேயே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் அதற்கு மேலும் பொறுங்கள். வாய்க்குள் எட்டிப் பார்ப்பது, கோலை விட்டுக் குத்துவது எல்லாம் அந்த நேரத்தில் கூடவே கூடாது. இதைவிட வஞ்சகமானது சீறி அடங்கிய வெடி. பாதிப் பலத்தில் எரிந்த மருந்து சன்னத்தைக் குழலின் நடுவரை தள்ளிவிட்டு நின்றிருக்கலாம். அது தெரியாமல் மேலே மருந்து போட்டு இன்னொரு சன்னம் இடித்துச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும், இடது கை அங்கேதான் இருக்கும். இடிகோலில் இரண்டு கோடு கீறி வையுங்கள், வெறுங்குழலில் எவ்வளவு இறங்கும், சரியாக மருந்திட்ட குழலில் எவ்வளவு இறங்கும் என்று. அந்தப் பொறுக்கும் நேரம் முழுக்கக் கடந்த பிறகு, முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேராக வைக்காமல் கோலை மெல்ல இறக்கிப் பார்த்தால் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று கோடு சொல்லிவிடும்.

இப்போது மச்சானின் புது மருந்துகள். இவை எதுவும் ஈரத்துக்குப் பயந்து கண்டுபிடித்தவை அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கருமருந்து சட்டப்படி வெடிபொருள். வைத்திருக்க, அனுப்ப, விற்க எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அதைவிடச் சற்றுக் கடினமாகப் பற்றுகிற மாற்று மருந்து இருந்தால் கடையில் வைத்து விற்கலாம் என்பதுதான் நோக்கம். 1970களில் டான் பாவ்லக் என்பவர் செய்த பைரோடெக்ஸ் அப்படி வந்தது, ஹொட்ஜ்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாவ்லக் 1977இல் தன் மருந்துத் தொழிலகத்தில் நடந்த விபத்திலேயே இறந்தார்.

பைரோடெக்ஸிலும் வெடியுப்பு, கரி, கந்தகம் இருக்கின்றன, கூடவே பொற்றாசியம் பேர்குளோரேற்றும் வேறு சிலவும். ஈரத்தில் அதன் நடத்தை கருமருந்தைவிடப் பெரிதாக மேலல்ல. அத்தோடு அது பற்றுவதற்குச் சூடு அதிகம் வேண்டும். கொஞ்சம் நமத்த கருமருந்தைப் பழைய கெப் எப்படியோ பற்றவைத்துவிடும், அதே அளவு நமத்த பைரோடெக்ஸைப் பற்றவைக்காது. தீக்கல் கிண்ணத்துக்கு அது ஒத்தே வராது. கசட்டில் குளோரைட்டு உப்பு இருப்பதால் துருப்பிடிப்பில் கருமருந்துக்கு அண்ணன். வில்லையாக அழுத்தி விற்பதும் உண்டு. அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் எளிதில் பற்ற ஒரு படை கருமருந்தே வைத்திருக்கிறார்கள்! ஈரத்தில் வில்லை பொடிந்தால் அந்த வசதியும் போய்விடும்.

டிரிப்பிள் செவன் என்பது கந்தகம் இல்லாத வகை. நாற்றம் குறைவு, வெறும் தண்ணீரில் கழுவலாம், பலமும் கொஞ்சம் கூட. ஆனால் திறந்து வைத்த போத்தல் காற்றை வாங்கிக் கட்டிபட்டுப் பலம் குறையும். விற்றமின் சி, அதாவது அஸ்கோபிக் அமிலத்தை எரிபொருளாகக் கொண்ட மருந்துகளும் வந்தன. ஈரம் இழுப்பதில் அவற்றுக்குத்தான் பெயர் அதிகம் கெட்டது. அவற்றை மட்டக்களப்பு மாரியில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

மச்சான் மனதில் வைத்திருப்பது அநேகமாக பிளக்ஹோர்ன் 209. அது நைத்திரோசெலுலோசை அடியாகக் கொண்டது. உண்மையிலேயே காற்றின் ஈரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, கசடும் குறைவு. ஆனால் அது பற்றுவதற்கு நவீன சொட்கன் தோட்டாவில் இருக்கும் 209 வகைக் கெப் வேண்டும். அந்தக் கெப் பொருந்துவதற்கென்று செய்த புதுத் துவக்கு வேண்டும். உங்கள் அப்பாவின் துவக்கில் அது பற்றாது. கழுவுவதற்குத் தண்ணீர் உதவாது, கரைப்பான் வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, "நைத்திரோசெலுலோஸ்தானே, சொட்கன் தோட்டாவை உடைத்து அதன் மருந்தைப் போட்டால் என்ன?" என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு காட்டுக்குப் போகாதீர்கள். புகையில்லா மருந்தின் அழுத்தத்தை இந்தக் குழல்கள் தாங்காது, கொஞ்சமாகப் போட்டாலும் வெடித்துச் சிதறலாம்.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் அவருக்கு இருக்கும் ஈரப் பிரச்சினை வேறு வகை. குளிரில் உறைந்த துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு முழுக்க, உள்ளும் புறமும், வியர்க்கும். அன்றைய வேட்டை முடிந்ததும் பாதுகாப்பாகச் சுட்டு வெறுமையாக்கிக் கழுவி வைப்பதே நல்லது, மருந்தோடு நாள்கணக்காக வைத்திருப்பதல்ல.

நமக்கும் அந்த வியர்வை உண்டு, அளவில் சிறியது. தை, மாசிப் பனியில் வயல் வட்டையில் காவல் இருப்பவர்களுக்குத் தெரியும், விடியப்புறம் துவக்கின் குழலைத் தொட்டால் கை நனையும். மழையே இல்லாத இரவு. இரும்பு வெட்டவெளியில் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, காற்றின் ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது. பேணிக்கும் இதேதான். பாதி மருந்து, பாதி காற்று உள்ள பேணி பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அதனால் மருந்தைச் சிறிய, நிறைந்த, இறுக்கமான பேணிகளில் வைப்பது நல்லது. தகரக்கூரைக்குக் கீழே வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கையில் எடுத்துப் போங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பரணில் இருந்து பெரிய பேணியைத் திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் மாட்டுக் கொம்பில் மருந்து வைத்தது அழகுக்காக அல்ல. கொம்பு நீரை விடாது, பொறியும் தட்டாது.

வனசீவராசிகள் திணைக்களம் யானையை விரட்ட விவசாயிகளுக்குக் கொடுக்கிற யானை வெடிக்கும் இதே விதிதான். திரி நமத்திருந்தால் அது அணைந்ததுபோல நடித்துக் கையில் வெடிக்கக்கூடியது. நமத்த யானை வெடியை அடுப்படியில் வைக்காமல், அணைந்ததாகத் தெரிவதைத் திரும்பக் கையில் எடுக்காமல் விட்டால் போதும்.

கடைசியாக, அப்பா காயப் போட்டு வைத்திருக்கும் அந்த மருந்து. அதை நல்ல மருந்தோடு கலக்காதீர்கள், கலந்தால் நல்லதும் நம்ப முடியாததாகிவிடும். எரித்துத் தீர்க்கவும் வேண்டாம். கொஞ்ச மருந்து என்றால் ஒரு வாளி தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வெடியுப்பு கரைந்துவிடும், கரியும் கந்தகமும் அடியில் தங்கும், அப்புறம் அது வெடிக்காது. அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் போகாமல் தென்னைக்கு ஊற்றலாம், நைத்திரேற்று பசளைதானே. அடியில் தங்கிய கரியும் கந்தகமும் காய்ந்தால் திரும்ப எரியும், ஆகவே அதை ஈரமாகவே குழியில் புதையுங்கள். அளவு அதிகம் என்றாலோ, எங்கிருந்து வந்ததென்று தெரியாவிட்டாலோ பேணியைத் திறக்காமல் கிராமசேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் இந்த வருடத்துக்குப் புதுப்பித்ததா என்றும் அப்படியே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது அது.